எக்செல் மேக்ரோ ஃபைலைத் தேட மறுத்தால்: 2003 முதல் 365 வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த எக்செல் மேக்ரோ. பட்டனை அழுத்தினால் ஒரு ஃபோல்டரில் கிடக்கும் கிளை அலுவலகக் கணக்குகளை எல்லாம் தேடிப் பிடித்து ஒரே ஷீட்டில் கொட்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புது கம்ப்யூட்டர் வந்தது, கூடவே புது எக்செல்லும் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பட்டன் "ஃபைல் எதுவும் இல்லை" என்கிறது, இல்லையென்றால் புரியாத ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஃபைல்கள் அத்தனையும் அங்கேயே இருக்கின்றன.

இதில் முக்காலே மூணு வீசம் கேஸ்களுக்குக் காரணம் ஒன்றுதான். எக்செல் 97 முதல் 2003 வரை 'அப்ளிகேஷன்.ஃபைல்சர்ச்' என்று ஒரு வசதி இருந்தது. எந்த ஃபோல்டர், என்ன பெயர், உள் ஃபோல்டர்களையும் பார்க்க வேண்டுமா என்று நாலு வரி எழுதினால் பட்டியல் கைக்கு வந்துவிடும். 2007 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. அதே வேலையை அதே மாதிரி செய்யும் எதையும் பதிலுக்கு வைக்கவில்லை.

மீதிக் கேஸ்கள்தான் ஆளைச் சுற்றவிடும். ஃபைல்சர்ச்சை மாற்றி எழுதிய பிறகும் பாதி ஃபைல் வராது, தமிழ்ப் பெயர் உள்ளவை மட்டும் விடுபடும், ஒருவர் மெஷினில் ஓடுவது பக்கத்து மேஜையில் ஓடாது. எனவே கோடைத் திருத்துவதற்கு முன், தேடல் எந்த இடத்தில் சிக்குகிறது என்று பாருங்கள். மேக்ரோ ஓடவே இல்லையா, பெயர் பொருந்தவில்லையா, வேறு ஃபோல்டரில் தேடுகிறதா, கிடைத்த ஃபைலைத் திறக்க முடியவில்லையா? இந்த நாலும் நாலு வேறு நோய்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

கட்டளைப் பெயர்களை உச்சரிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: மேக்ரோ ஓடுகிறதா என்று பாருங்கள்

2022-இலிருந்து, இணையத்திலிருந்து இறக்கிய அல்லது மெயிலில் வந்த ஃபைலில் உள்ள மேக்ரோவை ஆஃபீஸ் தானாகவே தடுத்துவிடுகிறது. மேலே சிவப்புப் பட்டை ஒன்று வரும், அதில் 'எனேபிள்' பட்டனே இருக்காது. ஃபைல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எக்செல்லை மூடுங்கள். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், ஜெனரல் பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்பதை டிக் செய்யுங்கள்.

இன்னொன்று, யாராவது அதை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்திருந்தால் உள்ளே மேக்ரோவே இருக்காது. சேமிக்கும்போது எக்செல் எச்சரிக்கத்தான் செய்கிறது, நாம் 'எஸ்' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மேக்ரோ தங்க வேண்டுமானால் எக்ஸ்எல்எஸ்எம், எக்ஸ்எல்எஸ்பி, அல்லது பழைய எக்ஸ்எல்எஸ்.

படி 2: எந்த எக்செல் என்று அதனிடமே கேளுங்கள்

ஆல்ட்டும் எஃப்11-உம் சேர்த்து அழுத்தினால் எடிட்டர் திறக்கும். கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தினால் கீழே இம்மீடியட் விண்டோ வரும். அதில் ஒரு கேள்விக்குறி போட்டு 'அப்ளிகேஷன்.வெர்ஷன்' என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

எக்செல் 97 என்றால் 8.0 என்று வரும். 2000-க்கு 9.0, 2002-க்கு 10.0, 2003-க்கு 11.0, 2007-க்கு 12.0. அடுத்து 13-ஐத் தாண்டிவிட்டார்கள், 2010 நேராக 14.0. 2013-க்கு 15.0. அதற்கப்புறம் 2016, 2019, 2021, 365 எல்லாமே 16.0 தான். ஆகவே "16 என்று வருகிறது, அப்படியானால் 2016" என்று எண்ணி எழுதிய கோட் எதையும் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு பழைய பொறி உண்டு. வெர்ஷன் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். சரமாக ஒப்பிட்டால் "9.0" என்பது "12.0"-ஐ விடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தான 9 முதல் எழுத்தான 1-ஐ விடப் பெரியது. 'வால்' ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால் பதிப்புக்கு ஏற்ப இரண்டு வழியாகக் கோடைப் பிரிப்பதே வேண்டாம். விண்டோஸில் எல்லா எக்செல் பதிப்பிலும் ஓடும் ஒரே வழி இருக்கிறது, படி 5-இல் வருகிறது.

படி 3: வாயை அடைக்கும் வரியை எடுங்கள்

பழைய மேக்ரோக்களில் பாதிக்கு மேல் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி மேலேயே உட்கார்ந்திருக்கும். எந்தத் தவறு வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். "ஃபைல் எதுவும் இல்லை" என்ற பொய்க்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தேடல் நடக்கவே இல்லை. எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்கிறது, மேக்ரோ அதை உண்மை என்று சொல்கிறது.

அதைவிட மோசமான ஒரு விளைவும் உண்டு. 'இஃப்' வரியின் நிபந்தனையிலேயே தவறு வந்தால், இந்த வரி இருக்கும்போது மேக்ரோ நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொள்ளாது. அடுத்த வரிக்குப் போகும், அதாவது இஃப்-க்கு உள்ளே நுழைந்துவிடும். "ஃபைல் கிடைத்தால் பழைய தரவை அழித்துவிட்டுப் புதியதைப் போடு" என்று எழுதியிருந்தால், ஒன்றும் கிடைக்காமலேயே பழைய தரவு அழிந்துவிடும். எனவே முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் அந்த வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுச் செயலிழக்கச் செய்யுங்கள். அப்புறம் எஃப்8-ஐ ஒவ்வொரு தடவையாகத் தட்டி வரி வரியாக ஓட்டுங்கள். மஞ்சள் பட்டை எந்த வரியில் நிற்கிறதோ, அதையும் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எண் என்ன சொல்கிறது

445 என்று வந்து, மஞ்சள் பட்டை ஃபைல்சர்ச் வரியில் நின்றால் நோய் தெரிந்துவிட்டது: 2003-ஓடு போன வசதியை அழைக்கிறீர்கள். கம்பைல் செய்யும்போது (ஓட்டுவதற்கு முன் எடிட்டர் கோடைச் சோதிக்கும்போது) இது மாட்டாது, ஓடும்போதுதான் மாட்டும். கம்பைல் ஆனதே, அப்புறம் ஏன் என்று பலர் குழம்புவது இதனால்தான்.

52 என்றால் ஃபைல் பெயரோ பாதையோ ஏற்க முடியாத வடிவில் இருக்கிறது. ஒன்டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள், படி 8. 76 என்றால் பாதை இல்லை. 70 என்றால் அனுமதி இல்லை. 'டிர்' (ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும் கட்டளை) வரியில் 5 வந்தால், தீர்ந்துபோன பட்டியலில் அடுத்ததைக் கேட்கிறீர்கள் என்று பொருள். 429 வந்தால் கேட்ட ஆப்ஜெக்ட்டை உருவாக்க முடியவில்லை. மேக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மேக்ரோவை ஓட்டும்போது இதைப் பார்ப்பீர்கள்.

எண்ணே இல்லாமல் "ப்ராஜெக்ட் அல்லது லைப்ரரி கிடைக்கவில்லை" என்ற கம்பைல் தகவல் வந்து, 'லெஃப்ட்' மாதிரி ஒரு பாவமும் அறியாத ஃபங்ஷன் நீலமாகி நின்றால், அந்த ஃபங்ஷனைத் தொடாதீர்கள். எடிட்டரில் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸ் திறந்தால் ஏதோ ஒன்றின் முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். புது எக்செல்லில் ஒருமுறை சேமித்த ஃபைலைப் பழைய எக்செல்லில் திறந்தால் இது அடிக்கடி நடக்கும். அதன் டிக்கை எடுங்கள். அது உண்மையிலேயே தேவைப்பட்ட லைப்ரரி என்றால், கோடில் அதைப் பயன்படுத்தும் இடங்களை அடுத்த படியில் சொல்லும் 'கிரியேட்ஆப்ஜெக்ட்' முறைக்கு மாற்றுங்கள்.

படி 5: ஃபைல்சர்ச்சை மாற்றி எழுதுவது

இதற்கு இரண்டு பொருள்கள் போதும். ஒன்று, ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் கையாள விண்டோஸோடு வரும் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட். மற்றது விபிஏ-வின் (மேக்ரோ எழுதும் மொழி) சாதாரண கலெக்ஷன், அதாவது ஒரு பட்டியல்.

ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டை ரெஃபரன்ஸ் டிக் செய்து பயன்படுத்தலாம், 'கிரியேட்ஆப்ஜெக்ட்' மூலமும் எடுக்கலாம். முதல் வழியில் எடிட்டர் பெயர்களை எடுத்துக்கொடுக்கும், எழுதும்போது சுகம். ஆனால் ஃபைல் பல மெஷின்களுக்குப் போகுமென்றால் இரண்டாவதுதான் நல்லது. 'ஆப்ஜெக்ட்' என்று ஒரு வேரியபிளை அறிவித்து, கிரியேட்ஆப்ஜெக்ட்டுக்கு 'ஸ்கிரிப்டிங்.ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' என்ற பெயரைக் கொடுங்கள். ரெஃபரன்ஸ் உடையும் தொல்லை அதோடு போய்விடும்.

உள் ஃபோல்டர்களில் இறங்கித் தேட, தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் எழுதலாம். பராமரிக்கப் போகிறவர் கணக்குப் பிரிவுக்காரர் என்றால் வரிசை முறை எளிது. 'நிலுவை' என்ற எண்ணத்தில் ஒரு கலெக்ஷன், 'கிடைத்தவை' என்ற எண்ணத்தில் இன்னொரு கலெக்ஷன் வையுங்கள். தொடக்க ஃபோல்டரின் பாதையை நிலுவையில் சேருங்கள். நிலுவையின் எண்ணிக்கை பூஜ்யத்தை விட அதிகமாக இருக்கும்வரை லூப் ஓடட்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் பாதையை எடுத்து, அதை நிலுவையிலிருந்து நீக்கி, 'கெட்ஃபோல்டர்' மூலம் திறங்கள். அதன் 'ஃபைல்ஸ்' ஒவ்வொன்றையும் சோதித்து, பொருந்தினால் அதன் 'பாத்' மதிப்பைக் கிடைத்தவையில் சேருங்கள். அதன் 'சப்ஃபோல்டர்ஸ்' ஒவ்வொன்றின் பாதையையும் நிலுவையில் சேருங்கள். அவ்வளவுதான், இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

பழைய கோடோடு பொருத்துவது எப்படி? 'லுக்இன்' என்பதில் இருந்த பாதை உங்கள் தொடக்க ஃபோல்டர். 'சர்ச்சப்ஃபோல்டர்ஸ்' ட்ரூ என்று இருந்தால் சப்ஃபோல்டர்களை நிலுவையில் சேருங்கள், ஃபால்ஸ் என்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். 'ஃபைல்நேம்' ஒரு பெயர்ச் சோதனை ஆகிவிடும். 'லாஸ்ட்மாடிஃபைடு' இருந்தால் 'டேட்லாஸ்ட்மாடிஃபைடு' மதிப்பை ஒப்பிடுங்கள். 'ஃபவுண்ட்ஃபைல்ஸ்' இருந்த இடத்தில் கிடைத்தவை கலெக்ஷன். இதில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது: ஃபவுண்ட்ஃபைல்ஸ் 1-இலிருந்து எண்ணும், கலெக்ஷனும் 1-இலிருந்து எண்ணும், இரண்டும் முழுப் பாதையையே தரும். பழைய 'ஃபார்' லூப்பில் பெயரை மட்டும் மாற்றினால் ஓடிவிடும். அரே பயன்படுத்தினால் அது வழக்கமாக 0-இலிருந்து தொடங்கும், முதல் ஃபைல் சத்தமில்லாமல் விடுபடும்.

ஃபைலுக்கு உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடும் 'டெக்ஸ்ட்ஆர்ப்ராப்பர்ட்டி' மட்டும்தான் தகராறு. அதற்கு நேரான மாற்று இல்லை. விண்டோஸ் தன் தேடல் இன்டெக்ஸை ஏடிஓ (தரவுகளைக் கேட்டு வாங்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) வழியாகக் கேட்க விடுகிறது, வேகமாகவும் வரும். ஆனால் அந்த ஃபோல்டர் இன்டெக்ஸில் சேர்ந்திருந்தால்தான் பதில் கிடைக்கும். சர்வர் ஃபோல்டர்கள் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

பெயர்ச் சோதனையில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நட்சத்திரக் குறி போட்டு 'லைக்' மூலம் ஒப்பிட்டால், விபிஏ இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும். பெரிய எழுத்தில் முடியும் பழைய டாஸ் காலத்து ஃபைல் பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் 'எல்கேஸ்' மூலம் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள். லைக்-இல் # என்றால் ஏதாவது ஓர் இலக்கம் என்று பொருள், சதுர அடைப்புக்கும் தனிப் பொருள் உண்டு. பெயரில் அவை இருந்தால் ஏமாற்றும். வகையை மட்டும் பார்க்க வேண்டுமானால் 'கெட்எக்ஸ்டென்ஷன்நேம்' எடுத்து நேராக ஒப்பிடுவதே சுத்தம்.

கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒரு வடிகட்டி: ~$ என்று தொடங்கும் பெயர்களைத் தள்ளுங்கள். பகிர்ந்த ஃபோல்டரில் யாராவது ஒரு ஒர்க்புக்கைத் திறந்து வைத்திருக்கும்போது எக்செல் அந்தப் பெயரில் ஒரு மறைவு ஃபைலை உருவாக்குகிறது. டிர் இயல்பாக மறைவு ஃபைல்களைக் காட்டாது, ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் காட்டும். "காலையில் ஓடுகிறது, மதியம் எல்லாரும் வேலை பார்க்கும்போது எர்ரர் வருகிறது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அனுமதி இல்லாத ஃபோல்டரில் நுழைந்தால் 70 வரும். டிரைவின் வேரிலிருந்து தேடினால் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்பதில் நிச்சயம் முட்டும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ளும் விஸ்டா காலத்திலிருந்து 'மை மியூசிக்', 'மை பிக்சர்ஸ்' என்று மறைந்த இணைப்புகள் உண்டு, அவையும் இதே மாதிரி மறுக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ரெஸ்யூம் நெக்ஸ்ட் போடலாம். ஆனால் எர்ரர் எண்ணை உடனே பார்த்து, தாண்டிய ஃபோல்டரின் பெயரை ஒரு ஷீட்டில் எழுதிவிட்டு, 'ஆன் எர்ரர் கோ-டு 0' போட்டு மூடிவிடுங்கள்.

படி 6: டிர் எங்கே போதும், எங்கே கவிழ்க்கும்

டிர் பழையது, எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. சர்வரில் ஆயிரக்கணக்கான ஃபைல் உள்ள ஒரே ஃபோல்டரைப் பட்டியலிட ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டை விட வேகமானது. பெயர்கள் ஆங்கிலத்தில், உள் ஃபோல்டர் வேண்டாம் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். டிர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பட்டியலைத்தான் நினைவில் வைத்திருக்கும். லூப்பின் நடுவே "இந்த ஃபைல் இருக்கிறதா" என்று சோதிக்க வேறொரு டிர் அழைத்தால் பழைய பட்டியல் அழிந்துவிடும். அந்தச் சோதனை வேறு மாட்யூலில், வேறு ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருந்தாலும் இதே கதிதான். முதலில் எல்லாப் பெயரையும் கலெக்ஷனில் சேர்த்து முடித்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். ஃபைலை நகர்த்துவது, பெயர் மாற்றுவது எல்லாம் அந்த இரண்டாம் சுற்றில்தான்.

எக்ஸ்எல்எஸ் மட்டும் வேண்டும் என்று கேட்டால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-உம் சேர்ந்து வருவது இன்னொரு விசித்திரம். விண்டோஸ் சில டிரைவ்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து வகை என்று ஒரு குட்டிப் பெயரும் வைத்திருக்கும். தேடும்போது அதையும் ஒப்பிடும். குட்டிப் பெயரில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வெட்டுப்பட்டு எக்ஸ்எல்எஸ் ஆகிவிடும். குட்டிப் பெயர் அணைக்கப்பட்ட டிரைவில் அது வராது. ஒரே கோட், இரண்டு மெஷின், இரண்டு எண்ணிக்கை! கிடைத்த பெயரின் வகையை நீங்களே மறுபடி சோதித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

வரிசையையும் நம்ப வேண்டாம். சி டிரைவில் அகர வரிசையில் வந்தது பென்டிரைவில் தாறுமாறாக வரும். வரிசை முக்கியம் என்றால் ஷீட்டில் போட்டு வரிசைப்படுத்துங்கள்.

படி 7: தமிழ்ப் பெயர் உள்ள ஃபைல்கள்

டிர் யூனிகோட் அறியாதது. விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பில் இல்லாத எழுத்தை எல்லாம் அது கேள்விக்குறி ஆக்கிவிடும். தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு பழைய தொகுப்பே கிடையாது, தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே வந்தது. ஆகவே 'ஜூன் கொள்முதல்' என்ற ஃபைலை டிர் கண்டுபிடிக்கும், ஆனால் பெயரைக் கேள்விக்குறிகளாகத் தரும். அந்தப் பெயரைக் கொடுத்துத் திறக்கச் சொன்னால் இல்லை என்று வரும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் தமிழைச் சரியாகத் தரும், 'ஒர்க்புக்ஸ்.ஓப்பன்' அதைச் சரியாகத் திறக்கும். 'கில்', 'ஃபைல்காப்பி' போன்ற விபிஏ-வின் சொந்தக் கட்டளைகள் டிர் மாதிரியே திணறும். அவற்றுக்குப் பதில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டின் 'டெலீட்ஃபைல்', 'காப்பிஃபைல்'.

சோதிக்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி. இம்மீடியட் விண்டோவிலும் மெசேஜ்பாக்ஸிலும் தமிழ் எப்படியும் கேள்விக்குறியாகத்தான் தெரியும், உள்ளே சரியாக இருந்தாலும்கூட. பெயரை ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள். செல்லில் தமிழ் தெரிந்தால் சரம் நன்றாக இருக்கிறது. செல்லிலும் கேள்விக்குறி என்றால் எழுத்துகள் ஏற்கெனவே தொலைந்துவிட்டன. 'ஆஸ்க்டபிள்யூ' மூலமும் பார்க்கலாம்: 63 வந்தால் நிஜமான கேள்விக்குறி, 2949 வந்தால் 'அ'.

எடிட்டரிலும் தமிழ் அடிக்க முடியாது. ஃபோல்டர் பெயரை மேற்கோளுக்குள் ஒட்டினால் கேள்விக்குறியாகிவிடும். 'சிஹெச்ஆர்டபிள்யூ' போட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கட்டலாம், யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'அமைப்பு' என்று ஒரு ஷீட் வைத்து, பாதையையும் தேட வேண்டிய சொல்லையும் அதன் செல்களில் எழுதி, மேக்ரோ அங்கிருந்து படிக்கட்டும். நாளைக்கு ஃபோல்டர் மாறினாலும் கோடைத் தொட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஃபைல் மட்டும் பொருந்தவில்லை என்றால் 'கொ', 'கோ', 'கௌ' வரிசை எழுத்துகளைப் பாருங்கள். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர், ஒரே ஃபோல்டரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். 'லென்' போட்டுப் பார்த்தால் முதல் வகையில் 'கொ' 2, இரண்டாம் வகையில் 3. மேக்கிலிருந்து வந்த ஃபைல்களில் இந்தப் பிரிந்த வடிவம் வர வாய்ப்பு அதிகம். ஒப்பிடுவதற்கு முன் 'ரீப்ளேஸ்' மூலம் பிரிந்த ஜோடியை ஒற்றைக் குறியாக்குங்கள்: 3014-உம் 3006-உம் சேர்ந்தால் 3018. 'கோ'-வுக்கு 3015-உம் 3006-உம் சேர்ந்து 3019. 'கௌ'-வுக்கு 3014-உம் 3031-உம் சேர்ந்து 3020. ஒப்பிட மட்டும்தான் இந்த மாற்றம். திறப்பதற்கு மூலப் பெயரையே கொடுக்க வேண்டும்.

படி 8: தேடுவது சரியான ஃபோல்டரிலா

மேக்ரோ உள்ள ஃபைலின் ஃபோல்டர் பாதையைத் தரும் 'திஸ்ஒர்க்புக்.பாத்' கடைசியில் \ தராது. அதோடு *.எக்ஸ்எல்எஸ் என்று நேராக ஒட்டினால் 'கணக்கு' ஃபோல்டருக்குள் தேடாது. அதற்கு ஒரு படி மேலே போய், 'கணக்கு' என்று தொடங்கும் ஃபைலைத் தேடும். எர்ரர் வராது, ஃபைலும் வராது. நடுவில் \ இருக்கிறதா என்று சோதித்துச் சேருங்கள். பாதையே கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், தேடல் எக்செல்லின் நடப்பு ஃபோல்டரில் நடக்கும். நீங்கள் ஓப்பன் டயலாக்கில் வேறு இடம் போனாலே அது மாறிவிடும். 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்று எழுதியிருந்தால் 'திஸ்ஒர்க்புக்' ஆக்குங்கள். முதல் ஃபைலைத் திறந்ததுமே ஆக்டிவ் என்பது அந்தப் புது ஃபைல் ஆகிவிடுகிறது.

365 வந்த பிறகு அதிகம் பார்ப்பது ஒன்டிரைவ் சிக்கல். ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால் திஸ்ஒர்க்புக்.பாத் உங்கள் டிஸ்கின் பாதையைத் தராமல் இணைய முகவரியைத் தரும். டிர் அதற்கு 52 சொல்லும், ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் பாதை இல்லை என்னும். 'என்விரான்' ஃபங்ஷனில் 'ஒன்டிரைவ்' என்று கேட்டால் உள்ளூர் ஃபோல்டரின் வேர் கிடைக்கும், மீதிப் பாதையை அமைப்பு ஷீட்டிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். இணைய முகவரியை வெட்டி ஒட்டி உள்ளூர்ப் பாதையாக்கும் தந்திரங்கள் பல உலவுகின்றன. ஷேர்பாயின்ட் நூலகமோ பகிர்ந்த ஃபோல்டரோ குறுக்கிட்டால் அவை தடுமாறும்.

நெட்வொர்க் டிரைவுக்கு இசட் என்று எழுத்து கொடுத்திருந்தால் அது அந்த மெஷினுக்கு மட்டும்தான். இரண்டு \ போட்டுத் தொடங்கும் சர்வர் பாதையே பொதுவானது. எக்செல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இணைத்த டிரைவ்கள் மறைந்துவிடுவதும் உண்டு.

நீளமும் ஒரு காரணம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய்க்கொண்டே இருந்தால், பாதையும் பெயரும் சேர்த்து 218 எழுத்தைத் தாண்டிய ஒர்க்புக்கை எக்செல் திறக்காது. தேடலில் வரும், திறக்கும்போது மாட்டும்.

படி 9: 64 பிட், மேக், லிப்ரேஆஃபீஸ்

சில மேக்ரோக்கள் விண்டோஸின் ஏபிஐ ஃபங்ஷன்களை (மற்ற நிரல்கள் அழைக்க விண்டோஸ் தரும் உள் கட்டளைகளை) 'டிக்ளேர்' செய்து தேடும். 64 பிட் ஆஃபீஸ் 2010-இல் வந்தது, 2019 முதல் அதுதான் இயல்பாகவே நிறுவப்படுகிறது. அதில் பழைய டிக்ளேர் வரி கம்பைல் ஆகாது. 'பிடிஆர்சேஃப்' சேர்த்து, ஹேண்டில்களை 'லாங்பிடிஆர்' ஆக்க வேண்டும். 2007-க்கு அந்தச் சொற்களே தெரியாது என்பதால் '#இஃப் விபிஏ7' போட்டு இரண்டையும் வைக்க வேண்டும். வெறும் ஃபைல் தேடலுக்கு இத்தனை பாடு தேவையில்லை. அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டுப் படி 5-க்கு வாருங்கள்.

மேக்கில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் இல்லை, எக்செல் 2008-இல் விபிஏ-வே இல்லை. 2011-இல் பாதையைப் பிரிப்பது முக்காற்புள்ளி, 2016-இலிருந்து /. டிர் இருக்கிறது, ஆனால் நட்சத்திரக் குறியோடு வேலை செய்யாது. எல்லாப் பெயரையும் எடுத்து நீங்களே வடிகட்ட வேண்டும். 2016-க்குப் பிறகு எக்செல் ஒரு வேலிக்குள் ஓடுவதால், ஃபைல்களைத் திறக்க அனுமதி கேட்டுப் பெட்டி வரும். 'கிராண்ட்ஆக்சஸ்டுமல்டிப்பிள்ஃபைல்ஸ்' கொண்டு மொத்தமாக ஒரே தடவை கேட்டுவிடலாம்.

லிப்ரேஆஃபீஸ் விபிஏ-வைப் பகுதியளவு புரிந்துகொள்ளும். லினக்ஸில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் கிடையாது, டிர் உண்டு. கூகுள் ஷீட்ஸில் விபிஏ ஓடவே ஓடாது.

படி 10: கிடைத்ததைத் திறக்கும்போது

தேடல் முடிந்து, முதல் ஃபைல் திறந்ததும் மேக்ரோ எந்த எர்ரரும் இல்லாமல் நின்றுவிடுகிறதா? ஷார்ட்கட்டைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏதோ ஓர் எழுத்து என்று வைத்திருந்தால், ஷிஃப்ட் அழுத்தியபடி ஒர்க்புக் திறக்கிறது என்று எக்செல் எடுத்துக்கொண்டு மேக்ரோவை அங்கேயே நிறுத்திவிடும். ஷிஃப்ட் இல்லாத ஷார்ட்கட்டோ பட்டனோ வையுங்கள்.

ஒவ்வொரு கிளை ஃபோல்டரிலும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால், முந்தையதை மூடாமல் அடுத்ததைத் திறக்க எக்செல் விடாது, 1004 வரும். திற, எடு, மூடு, அடுத்ததற்குப் போ. திறக்கும்போது 'அப்டேட்லிங்க்ஸ்' 0, 'ரீட்ஒன்லி' ட்ரூ என்று கொடுத்தால் இடையில் கேள்விப் பெட்டிகள் பெரும்பாலும் வராது.

பட்டியலைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஷீட்டில் கொட்டினால் 65,536 வரியோடு இடம் தீர்ந்துவிடும். 2007 முதல் வந்த வடிவங்களில் 10,48,576 வரி.

கடைசியாக, எல்லா மெஷினிலும் 2016-க்கு மேல் இருந்து, வேலை வெறுமனே ஃபைல்களைச் சேர்ப்பது மட்டும் என்றால், மேக்ரோவையே விட்டுவிடலாம். 'டேட்டா' டேப்பில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் ஃபோல்டர்' எடுத்தால் பவர் குவெரி உள் ஃபோல்டர்களையும் சேர்த்துப் பட்டியலிடும், தமிழ்ப் பெயரும் ஒழுங்காக வரும், மேக்ரோ தடையும் குறுக்கிடாது. 2010, 2013-இல் அது தனி ஆட்-இன்னாகக் கிடைத்தது. அங்கேயும் ~$ என்று தொடங்குபவற்றை வடிகட்ட மறக்காதீர்கள்.